பாஸ்வேர்ட் சரிதான், ஆனா உள்ள விட மாட்டேங்குது: லாகின் ஆனதும் லாக் அவுட் ஆகுற கம்ப்யூட்டரை வழிக்குக் கொண்டு வர்றது

மலேசியாவுல பினாங்கு பக்கம் பட்டர்வொர்த்ல குடியிருக்கேன், வேலை பிறையில ஒரு ஃபேக்டரியில மெயின்டனன்ஸ். கம்ப்யூட்டர் ரிப்பேர் என் தொழிலே கிடையாது, ஆனா அது எங்க குடியிருப்பு தாமான்ல யாருக்கும் தெரியாது, வேலை முடிஞ்சு வந்து மோட்டாரை நிறுத்துறதுக்குள்ள யாராவது லேப்டாப்பைக் கக்கத்துல இடுக்கிட்டு கேட் கிட்ட நிப்பாங்க. போன மாசம் டியூஷன் நடத்துற அக்கா ஒருத்தங்க போன் பண்ணாங்க. "தம்பி, பாஸ்வேர்ட் போட்டா வெல்கம்னு சொல்லுது, மூச்சு விடுறதுக்குள்ள சைனிங் அவுட்னு சொல்லி மறுபடி பழைய இடத்துலயே கொண்டாந்து விட்டுடுது, பத்து தடவ போட்டுட்டேன், நான் பாஸ்வேர்டை மறந்துட்டேனா என்ன?" அப்படின்னு. வாங்க வாங்கன்னு கூப்பிட்டுட்டு உக்காரக்கூட சொல்லாம வாசலோட அனுப்பி வைக்கிற சொந்தக்காரங்க மாதிரிதான் அது.

அக்கா பாஸ்வேர்டை மறக்கல. தப்பா போட்டிருந்தா தப்புன்னு அங்கயே சொல்லியிருக்கும், வெல்கம் வரைக்கும் விட்டிருக்காது. அதனால இந்த கோளாறு வந்தா முதல்ல பாஸ்வேர்டை மாத்துறதுல நேரத்தைக் கொல்லாதீங்க, கதவு தொறந்தாச்சு, கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு படி உடைஞ்சிருக்கு, எந்தப் படின்னு கண்டுபிடிக்கிறதுதான் வேலை. ரெண்டாவது, உடனே கடைக்குத் தூக்கிட்டுப் போயி "ஃபார்மட் அடிச்சிடுங்க"ன்னு சொல்லிடாதீங்க. ஃபார்மட் அடிச்சா சரியாகும்தான், தலைவலிக்கு மொட்டை அடிச்ச கதையா உள்ள இருக்குற பிள்ளைங்க படம், கணக்கு, எல்லாம் சேந்து போயிடும். நான் பாத்த வரைக்கும் இந்த கோளாறுல ஃபைல் எல்லாம் பத்திரமா அப்படியேதான் உக்காந்திருக்கும்.

ஒரு விஷயம், கமாண்ட் எல்லாம் நான் வாயால சொல்ற மாதிரியேதான் எழுதப் போறேன், ஸ்பேஸ், ஸ்லாஷ், கோலன்னு. போன்லயே பாதிப் பேருக்கு சொல்லிக் குடுத்துப் பழகிடுச்சு, அப்படி எழுதினாத்தான் எனக்கு வருது.

பாஸ்வேர்ட் சரின்னு ஆனதுக்கு அப்புறம் என்ன நடக்குது

விண்டோஸ்ல வின்லாகான்னு ஒண்ணு இருக்கு, வாட்ச்மேன் மாதிரி. நீங்க போட்ட பாஸ்வேர்ட் சரின்னு தெரிஞ்சதும் அது உங்க ப்ரொபைலை ஏத்தும், அதாவது உங்க பேர்ல இருக்குற ஃபோல்டர், அதுக்குள்ள ஒளிஞ்சிருக்குற என்டியூசர் டாட் டேட்ங்கிற ஃபைல், உங்க செட்டிங்ஸ் எல்லாம் அதுலதான் இருக்கு. அடுத்தது யூசர்இனிட்னு ஒரு சின்ன புரோகிராமைக் கூப்பிடும். அது லாகின் ஸ்கிரிப்ட் ஏதாவது இருந்தா ஓட்டிட்டு, எக்ஸ்ப்ளோரரை எழுப்பி விட்டுட்டு, தன் வேலை முடிஞ்சதுன்னு போயிடும். எக்ஸ்ப்ளோரர்தான் நீங்க பாக்குற டெஸ்க்டாப், கீழ இருக்குற டாஸ்க்பார் எல்லாம்.

இந்த யூசர்இனிட் இருக்குற இடத்துல இல்லைன்னா, இல்ல வேற ஏதோ அதோட இடத்துல வந்து உக்காந்துக்கிச்சுன்னா, வின்லாகான் "சரி, செய்யுறதுக்கு ஒண்ணும் இல்ல"ன்னு உங்களை வெளிய அனுப்பிடும். எக்ஸ்ப்ளோரர் மட்டும் கெட்டுப் போச்சுன்னா அப்படி ஆகாது, கருப்பு ஸ்கிரீன்ல மவுஸ் அம்பு மட்டும் சுத்திட்டு இருக்கும், அங்க கண்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் அடிச்சா டாஸ்க் மேனேஜர் வரும். ரெண்டும் வேற வேற நோய், மருந்தும் வேற. கருப்பு ஸ்கிரீன் ஆளுங்க இதைப் படிச்சு ரெஜிஸ்ட்ரியில, அதாவது விண்டோஸ் தன் செட்டிங்ஸ் எல்லாம் எழுதி வச்சிருக்குற இடத்துல, கை வைக்க வேணாம்.

இன்னொரு குழப்பமும் இருக்கு. சில பேர் லாக் அவுட்னு சொல்றது உண்மையில வெறும் லாக். மறுபடி பாஸ்வேர்ட் போட்டு உள்ள போனா தொறந்து வச்ச வேர்ட், குரோம் எல்லாம் அப்படியே இருக்கா? அப்படின்னா அது லாக் அவுட் இல்ல. வேற யாராவது ரிமோட் டெஸ்க்டாப்ல அதே அக்கவுண்ட்ல நுழைஞ்சிருக்கலாம், சாதா விண்டோஸ்ல ஒரே நேரத்துல ஒரு ஆள்தான் உக்கார முடியும், ஆபீஸ்ல அவரு நுழைஞ்சா உங்க ஸ்கிரீன் பூட்டிக்கும், நீங்க நுழைஞ்சா அவரு வெளிய, இப்படி ரெண்டு பேரும் மாத்தி மாத்தி துரத்திட்டு "வைரஸ் வைரஸ்"னு ஒரு வாரம் சொல்லிட்டு இருந்த ஆபீஸை நான் பாத்திருக்கேன். இல்லைன்னா டைனமிக் லாக்னு ஒண்ணு இருக்கு, ஹேண்ட்போனை புளூடூத்ல ஜோடி சேத்து வச்சிருந்தா போன் தூரம் போனதும் தானாப் பூட்டிக்கும்.

ரெண்டு சோதனை, அதுலயே பாதி தெரிஞ்சிடும்

முதல் சோதனை, அந்த மெஷின்ல வேற அக்கவுண்ட் இருந்தா அதுல போய்ப் பாருங்க. மத்தவங்க அக்கவுண்ட் நல்லாப் போகுது, உங்களது மட்டும் துரத்துதுன்னா உங்க ப்ரொபைல்தான் கெட்டிருக்கு. எல்லா அக்கவுண்டுமே துரத்துதுன்னா பொதுவான இடத்துல கோளாறு, பெரும்பாலும் யூசர்இனிட்.

ரெண்டாவது சோதனை சேஃப் மோட். லாகின் ஸ்கிரீன்ல கீழ பவர் பட்டன் இருக்கும், ஷிஃப்டை அமுக்கிப் பிடிச்சுட்டே ரீஸ்டார்ட் குடுங்க. நீல ஸ்கிரீன் வரும், பயந்துடாதீங்க, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், அப்புறம் லிஸ்ட் வந்ததும் 4 அமுக்குங்க. சேஃப் மோட்ல சில சமயம் பின் நம்பர் வேலை செய்யாது, ஒரிஜினல் பாஸ்வேர்ட் கேக்கும், பின் மட்டுமே போட்டுப் பழகினவங்க அங்க முழிப்பாங்க, முன்னாடியே தேடி எடுத்து வச்சுக்குங்க.

சேஃப் மோட்ல ஒழுங்கா உள்ள போச்சுன்னா நல்ல செய்தி. ஸ்டார்ட்அப் ஃபோல்டர்ல, ரன் லிஸ்ட்ல இருக்குற புரோகிராம் எதையும் சேஃப் மோட் ஓட்டாது, அதனால அதுல ஏதோ ஒண்ணுதான் உங்களை வெளிய தள்ளுது. டெஸ்க்டாப் வந்து ரெண்டு செகண்ட் கழிச்சு லாக் அவுட் ஆகுதுன்னா அனேகமா இதுதான். விண்டோஸ் கீயும் ஆர்-ம் சேத்து அமுக்கி, ஷெல் கோலன் ஸ்டார்ட்அப்னு அடிச்சா அந்த ஃபோல்டர் தொறக்கும். டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்அப் பக்கமும் பாருங்க, டாஸ்க் ஷெட்யூலர்ல லாகின் ஆகும்போது ஓடுற மாதிரி ஏதாவது வச்சிருக்கான்னும் பாருங்க. எங்க அக்கா மகன் ஃபார்ம் ஃபோர் படிக்கும்போது ஸ்டார்ட்அப் ஃபோல்டர்ல ஷட்டவுன் ஸ்பேஸ் ஸ்லாஷ் எல்னு, அதாவது லாக் அவுட் பண்ணுன்னு, ஒரே ஒரு வரி எழுதின பேட்ச் ஃபைலைப் போட்டு வச்சான், அவங்க அப்பா கேம் விளையாட விடலைன்னு. அந்த ஒரு வரிக்கு நான் ஒரு மணி நேரம் உக்காந்து தேடினேன்.

சேஃப் மோட்லயும் அதே மாதிரி துரத்துதுன்னா, ஆச்சரியப்படாதீங்க, சேஃப் மோடும் அதே யூசர்இனிட்டைத்தான் கூப்பிடுது. அப்போ வெளிய இருந்துதான் வேலை செய்யணும்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு, நீல ஸ்கிரீன் பக்கம் போனாலே நிறைய புது லேப்டாப் டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கரோட ரிகவரி கீ கேக்கும், 48 நம்பர். நான் எதையும் பூட்டலையேன்னு சொல்வாங்க, புது விண்டோஸ்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டைப் போட்டு செட்டப் பண்ணா அதுவே பூட்டி வச்சிருக்க வாய்ப்பு அதிகம். ஹேண்ட்போன்ல இருந்து உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் பக்கத்துக்குப் போயி டிவைசஸ்ல பாத்தா கீ இருக்கும், ஒரு பேப்பர்ல எழுதிக்குங்க. ஆபீஸ் லேப்டாப்னா ஆபீஸ் ஐடி ஆளு கிட்டதான் கேக்கணும், ஆபீஸ் மெஷினை நீங்களா நோண்டவும் வேணாம்.

பிள்ளைங்க படம், கணக்கு ஃபைல் எதுவும் பேக்கப் இல்லைன்னா, எதையும் தொடுறதுக்கு முன்னாடி டிஸ்க்கைக் கழட்டி யூஎஸ்பி கேபிள்ல வேற மெஷின்ல மாட்டி யூசர்ஸ் ஃபோல்டரை காப்பி எடுத்துடுங்க. பெர்மிஷன் இல்லைன்னு சொல்லும், கன்டினியூ அமுக்குனா விடும், கொஞ்சம் நேரம் எடுக்கும். கழட்ட முடியாத லேப்டாப்னா விண்டோஸுக்குப் பதிலா ஓடுற லினக்ஸ் மின்ட்டை பென்டிரைவ்ல போட்டு அதுல இருந்து பூட் பண்ணி எடுக்கலாம், பிட்லாக்கர் இருந்தா அங்கயும் கீ கேக்கும்.

அப்புறம் அதே நீல ஸ்கிரீன் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்ல சிஸ்டம் ரீஸ்டோர் இருக்கும், ரெஜிஸ்ட்ரியில கை வைக்குறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவ முயற்சி பண்ணுங்க, டாக்குமெண்ட், படம் எதையும் தொடாது, ரெஜிஸ்ட்ரியையும் சிஸ்டம் ஃபைலையும் பழைய தேதிக்குக் கொண்டு போகும், அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட புரோகிராம் போயிடும் அவ்வளவுதான். நிறைய மெஷின்ல ரீஸ்டோர் பாயிண்டே இருக்காது, அது வேற கதை. அப்டேட் போட்ட மறுநாள் ஆரம்பிச்சதுன்னா பக்கத்துலயே அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் இருக்கு.

உங்க ஒருத்தர் அக்கவுண்ட் மட்டும்னா

டியூஷன் அக்கா லேப்டாப் இதுதான். பேட்டரி செத்து ரெண்டு வருஷமாச்சு, பிளக்குலயே ஓடிட்டு இருந்துச்சு, சாயங்காலம் நாலு மணி மழைக்கு இடி இடிச்சு கரண்ட் டிரிப் ஆச்சு, மெஷின் பொட்டுன்னு அணைஞ்சிடுச்சு. போதாததுக்கு சி டிரைவ்ல ஊசி குத்த இடம் இல்ல, பாடம் எடுத்த வீடியோ எல்லாம் டெஸ்க்டாப்லயே குமிஞ்சு கிடக்கு. ப்ரொபைல் எழுதிட்டு இருக்கும்போது கரண்ட் போனாலோ, டிஸ்க் ரொம்பி வழிஞ்சாலோ இந்த மாதிரி ஆகும். சில சமயம் யூசர் ப்ரொபைல் சர்வீஸ் ஃபெயில்ட்னு வாயைத் தொறந்து சொல்லும், சில சமயம் ஒண்ணும் சொல்லாம துரத்தும், சில சமயம் உள்ள விட்டுடும் ஆனா டெஸ்க்டாப் காலியா இருக்கும், டெம்பரரி ப்ரொபைல்னு மூலையில ஒரு மெசேஜ். அந்த டெம்பரரியில உக்காந்து வேலை எதுவும் பாக்காதீங்க, சைன் அவுட் பண்ணதும் அதுல சேவ் பண்ணது மொத்தமும் போயிடும்.

வேற அட்மின் அக்கவுண்ட்ல நுழைஞ்சு ஈவண்ட் வியூவர் தொறங்க, விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன். யூசர் ப்ரொபைல் சர்வீஸ்ங்கிற பேர்ல 1500, 1511 மாதிரி நம்பர் சிவப்பா இருந்தா ப்ரொபைல்னு முடிவு பண்ணிடலாம். வின்லாகான் பேர்ல 4006 இருந்தா அது யூசர்இனிட்டை எழுப்ப முடியலைங்குது, கீழ அந்தப் பகுதிக்குப் போயிடுங்க.

இப்போ ரெஜ்எடிட், ரெஜிஸ்ட்ரியைத் தொறக்குற புரோகிராம். எச்கே லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரண்ட்வெர்ஷன், ப்ரொபைல்லிஸ்ட். என்டி இருக்குற விண்டோஸ், சும்மா விண்டோஸ் இல்ல, பக்கத்து பக்கத்துல ரெண்டும் இருக்கும், நானே மாறிப் போயிருக்கேன். அதுக்குள்ள எஸ்-1-5-21ன்னு ஆரம்பிச்சு நீளமா நம்பர் இருக்கும், ஒவ்வொண்ணும் ஒரு ஆள். ஒவ்வொண்ணா கிளிக் பண்ணி வலது பக்கம் ப்ரொபைல்இமேஜ்பாத்ல யார் ஃபோல்டர்னு பாருங்க. அக்காவோட நம்பர் ரெண்டு தடவ இருந்துச்சு, ஒண்ணு சாதாவா, இன்னொண்ணு கடைசியில டாட் பிஏகே ஒட்டிக்கிட்டு. சாதாவா இருந்தது டெம்ப் ஃபோல்டரைக் காட்டுது, பிஏகே இருந்ததுதான் அக்காவோட உண்மையான ஃபோல்டர். ரெண்டையும் முதல்ல எக்ஸ்போர்ட் பண்ணி வச்சுட்டு, சாதாவா இருக்குறதுக்குக் கடைசியில டாட் ஓல்ட்னு பேரை மாத்துங்க, அப்புறம் பிஏகே இருக்குறதுல அந்த பிஏகேயை மட்டும் அழிங்க. வலது பக்கம் ஸ்டேட்னு இருக்கும், ரெஃப்கவுண்ட்டும் இருந்தா அதையும் சேத்து, ரெண்டுக்கும் 0 போடுங்க. ரீஸ்டார்ட். பிஏகே ஒண்ணு மட்டும்தான் இருக்குன்னா அந்த வாலை வெட்டினாலே போதும்.

இது பலிக்கலைன்னா என்டியூசர் டாட் டேட் ஃபைலே கெட்டுப் போயிருக்கும், அதோட மல்லுக்கட்ட வேணாம். புது அக்கவுண்ட் உண்டாக்கி, ஒரு தடவ அதுல லாகின் பண்ணிட்டு, பழைய ஃபோல்டர்ல இருந்து டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் காப்பி பண்ணுங்க. எல்லாத்தையும் கட்டி மொத்தமா அள்ளிட்டு வராதீங்க, கெட்டுப்போன என்டியூசரும் கூடவே வந்து குடும்பம் நடத்தும்.

பழைய ஆளுங்க எல்லாம் நல்லா போறாங்க, புதுசா உண்டாக்குன அக்கவுண்ட் மட்டும்தான் துரத்துதுன்னா யூசர்ஸ் ஃபோல்டர்ல டிஃபால்ட்னு மறைச்சு வச்சிருக்குற ஃபோல்டரைப் பாருங்க, புது ஆளுக்கெல்லாம் அச்சு அதுதான், அது கெட்டிருக்கும். அதே வெர்ஷன் விண்டோஸ் ஓடுற நல்ல மெஷின்ல இருந்து அந்த ஃபோல்டரைக் கொண்டு வந்து வைக்கலாம்.

எல்லாரையும் துரத்துதுன்னா

நீல ஸ்கிரீன், டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், கமாண்ட் ப்ராம்ப்ட். எக்ஸ் கோலன்னு ஒரு டிரைவ்ல நிக்கும். அது உங்க விண்டோஸ் இல்ல, ரிப்பேருக்காக மெமரியில ஓடுற குட்டி விண்டோஸ், இதை மனசுல வச்சுக்குங்க, முக்கால்வாசிப் பேர் வழுக்கி விழுறது இங்கதான். இங்க நின்னுக்கிட்டு நெட் யூசர் கமாண்ட் போட்டு புது அக்கவுண்ட் உண்டாக்கினா அந்த குட்டி விண்டோஸ்லதான் உண்டாகும், ரீஸ்டார்ட் பண்ணா காத்தோட போச்சு.

உங்க விண்டோஸ் எந்த டிரைவ்னு பாருங்க, டிஐஆர் ஸ்பேஸ் சி கோலன் பேக்ஸ்லாஷ் அடிச்சா விண்டோஸ், யூசர்ஸ் ஃபோல்டர் தெரியணும், இல்லைன்னா டி, இ-ன்னு மாத்திப் பாருங்க, இங்க எழுத்து மாறி வர்றது சகஜம். முதல்ல டிஸ்க்குல கோளாறு இருக்கான்னு ஒரு தடவ சரி பாத்துடலாம், சிஎச்கேடிஎஸ்கே ஸ்பேஸ் சி கோலன் ஸ்பேஸ் ஸ்லாஷ் எஃப். அடுத்தது விண்டோஸ் ஃபோல்டர்ல சிஸ்டம்32க்குள்ள யூசர்இனிட் டாட் இஎக்ஸ்இ இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா ஆன்டிவைரஸ் தூக்கிட்டுப் போயிருக்கலாம், கெட்ட புரோகிராம் அந்த ஃபைலையே மாத்தி வச்சிருக்கும், ஆன்டிவைரஸ் அதைப் பிடிச்சு டெலீட் பண்ணும், திருடனைப் பிடிச்ச சந்தோஷத்துல வீட்டு வாசப்படியையும் சேத்து இடிச்சுட்டுப் போன மாதிரி. எஸ்எஃப்சி ஸ்பேஸ் ஸ்லாஷ் ஸ்கேன்நவ் ஸ்பேஸ் ஸ்லாஷ் ஆஃப்பூட்டிஐஆர் ஈக்குவல் சி கோலன் பேக்ஸ்லாஷ் ஸ்பேஸ் ஸ்லாஷ் ஆஃப்வின்டிஐஆர் ஈக்குவல் சி கோலன் பேக்ஸ்லாஷ் விண்டோஸ், இதுல ஆஃப், பூட், டிஐஆர் மூணையும் ஒட்டி எழுதணும், ஆஃப், வின், டிஐஆரும் அப்படித்தான். ஓட்டி விட்டுட்டு ஒரு தே தாரிக் போட்டுக் குடிங்க.

ஃபைல் இருக்கு, ஆனாலும் துரத்துதுன்னா ரெஜிஸ்ட்ரி. அதே கருப்பு ஜன்னல்ல ரெஜ்எடிட் அடிங்க. எச்கே லோக்கல் மெஷின் மேல ஒரு கிளிக், அப்புறம் ஃபைல் மெனுவுல லோட் ஹைவ், ஹைவ்னா ரெஜிஸ்ட்ரி எழுதி வச்சிருக்குற ஃபைல். கிளிக் பண்ணலைன்னா லோட் ஹைவ் மங்கலாவே இருக்கும். உங்க டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, கான்ஃபிக், அதுல சாஃப்ட்வேர்ங்கிற ஃபைல், எக்ஸ்டென்ஷன் இருக்காது. பேர் கேக்கும், ஏதாவது குடுங்க, நான் எப்பவும் நாசிகண்டார்னு குடுப்பேன், வேற எதோடயும் குழம்பாது பாருங்க. இப்போ நாசிகண்டாருக்குள்ள மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரண்ட்வெர்ஷன், வின்லாகான்.

வலது பக்கம் யூசர்இனிட்ல இப்படி இருக்கணும்: சி கோலன் பேக்ஸ்லாஷ் விண்டோஸ் பேக்ஸ்லாஷ் சிஸ்டம்32 பேக்ஸ்லாஷ் யூசர்இனிட் டாட் இஎக்ஸ்இ, கடைசியில ஒரு கமா. கமா தப்பா வந்ததுன்னு அழிச்சுடாதீங்க, விண்டோஸ் அப்படித்தான் வச்சிருக்கு. இந்தக் கமாவுக்குப் பிறகு வேற ஏதாவது புரோகிராம் பேர் இருக்கா, இல்ல யூசர்இனிட்டே இல்லாம வேற பேர் இருக்கான்னு பாருங்க, கெட்ட புரோகிராமுங்க ஒட்டிக்கிறதுக்குப் பழைய காலத்துல இருந்து பிடிச்ச இடம் இது, ஆன்டிவைரஸ் அந்த ஃபைலை அழிச்சுடும், இங்க எழுதி இருக்குற பேரை அழிக்காது, வின்லாகான் இல்லாத ஆளைத் தேடிட்டு உங்களைத் துரத்தும். இன்னொண்ணு, குட்டி விண்டோஸ்ல உங்க டிரைவ் டின்னு தெரிஞ்சாலும் இங்க சின்னுதான் இருக்கணும், சாதாவா பூட் ஆகும்போது அது சிதான். அதே பக்கத்துல ஷெல்னு ஒண்ணு, அதுல எக்ஸ்ப்ளோரர் டாட் இஎக்ஸ்இ மட்டும்.

கரண்ட்வெர்ஷனுக்குக் கீழயே இமேஜ் ஃபைல் எக்ஸிகியூஷன் ஆப்ஷன்ஸ்னு ஒரு நீளப் பேர், அதுக்குள்ள யூசர்இனிட் டாட் இஎக்ஸ்இன்னு ஒரு ஃபோல்டர் இருந்து அதுல டீபக்கர்னு ஏதாவது எழுதியிருந்தா எக்ஸ்போர்ட் பண்ணிட்டு அந்த ஃபோல்டரை அழிச்சுடுங்க. நல்ல மெஷின்ல அந்தப் பேர்ல அங்க ஒண்ணும் இருக்காது. முடிஞ்சதும் நாசிகண்டார் மேல கிளிக் பண்ணி ஃபைல், அன்லோட் ஹைவ். அப்புறம்தான் ரீஸ்டார்ட்.

பழைய வழிகாட்டிகள்ல ரெக்பேக் ஃபோல்டர்ல இருந்து ரெஜிஸ்ட்ரியை காப்பி பண்ணி மேல போடுங்கன்னு இருக்கும். விண்டோஸ் 10ல 1803 வெர்ஷன்ல இருந்து அங்க பேக்கப் எடுக்குறதையே நிறுத்திட்டாங்க, ஃபைல் இருக்கும், சைஸ் 0. அந்தக் காலி ஃபைலைக் கொண்டு போய் ஒரிஜினல் மேல போட்டா லாகின் ஸ்கிரீன்கூட வராது.

வைரஸ்னால வந்ததுன்னு தெரிஞ்சா, உள்ள நுழைஞ்சதும் விட்டுடாதீங்க, முழு ஸ்கேன் போடுங்க, வேற மெஷின்ல இருந்து இமெயில், பேங்க் பாஸ்வேர்ட் மாத்துங்க. காசு ஏற்கனவே போயிருந்தா பேங்குக்கும், இங்க மோசடிப் புகாருக்கான 997க்கும் உடனே அடிங்க.

நான் பண்ண கூத்து

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கம் ஸ்டிக்கர், போர்டு வெட்டுற கடை அண்ணன் ஒருத்தரு. அவரோட கட்டிங் மெஷின் சாஃப்ட்வேர் எக்ஸ்பியில மட்டும்தான் ஓடும், எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சு, ஆனா அண்ணனுக்கு சோறு போடுறது அதுதான். ஹார்ட் டிஸ்க் கடகடன்னு சத்தம் போட ஆரம்பிச்சது, புது டிஸ்க்குக்கு குளோன் பண்ணித் தர்றேன்னு நானா வாயைக் குடுத்தேன். குளோன் நல்லா முடிஞ்சது. ஆர்வக் கோளாறுல பழைய டிஸ்க்கையும் கழட்டாம ரெண்டையும் மாட்டி வச்சு புதுசுல இருந்து பூட் பண்ணேன். பூட் ஆச்சு. பழசைக் கழட்டினேன். அவ்வளவுதான், லோடிங் செட்டிங்ஸ், சேவிங் செட்டிங்ஸ், லாக் அவுட். லோடிங், சேவிங், லாக் அவுட்.

டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டு வந்து என் மெஷின்ல மாட்டி ஹைவ் லோட் பண்ணிப் பாத்தா யூசர்இனிட் வரி அச்சு மாதிரி சரியா இருக்கு, கமா உள்பட. ஃபைலும் இருக்கு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அந்த ஒரு வரியையே அழிச்சு அழிச்சு எழுதிட்டு இருந்தேன். அப்புறம்தான் உறைச்சது, வரியில சின்னு இருக்கு சரி, ஆனா அந்த எக்ஸ்பிக்கு இப்போ சின்னு ஒண்ணு இருக்கான்னு யாரு பாத்தா?

விண்டோஸ் எந்த டிஸ்க்குக்கு எந்த எழுத்துன்னு மவுண்டட்டிவைசஸ்ங்கிற இடத்துல எழுதி வச்சிருக்கும், டிஸ்க்கோட அடையாள நம்பரை வச்சு. ரெண்டு டிஸ்க்கும் சேந்து இருந்தப்போ பழசுதான் சின்னு அதுக்கு ஞாபகம், புதுசுக்கு வேற எழுத்தைக் குடுத்துடுச்சு. பழசைக் கழட்டினதும் சியே கிடையாது, சியில இருக்குற யூசர்இனிட்டை எங்க போய்த் தேடும். சாஃப்ட்வேர் ஃபைலுக்குப் பதிலா அதே கான்ஃபிக் ஃபோல்டர்ல சிஸ்டம்ங்கிற ஃபைலை லோட் பண்ணி, மவுண்டட்டிவைசஸ்ஸை எக்ஸ்போர்ட் பண்ணிட்டு, வலது பக்கம் டிஃபால்ட் தவிர மிச்ச எல்லா வரியையும் அழிச்சு, அன்லோட், டிஸ்க்கை மறுபடி மாட்டி தனியா பூட் பண்ணேன். புதுசாக் கணக்கு எடுத்து தன்னையே சின்னு எழுதிக்கிச்சு, உள்ள விட்டுடுச்சு. வரியில பாத்தை எடுத்துட்டு வெறும் யூசர்இனிட் டாட் இஎக்ஸ்இன்னு போட்டாலும் உள்ள போகலாம்னு சில பேர் சொல்வாங்க, போகும், ஆனா அத்தனை புரோகிராமும் சியைத் தேடி ஒவ்வொண்ணா அழும். குளோன் பண்ணா முதல் பூட்டுக்குப் பழைய டிஸ்க்கைக் கழட்டி மேசை டிராயர்ல வச்சுட்டு பண்ணுங்க. அண்ணன் கிட்ட இதை இன்னும் சொல்லல, டிஸ்க்குல ஏதோ கோளாறுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

லினக்ஸ் மின்ட், உபுண்டு வச்சிருக்குறவங்க

பழைய லேப்டாப்புக்கு உயிர் குடுக்கலாம்னு பிள்ளைங்களுக்கு மின்ட் போட்டுக் குடுத்திருப்பீங்க, அதுலயும் இதே கூத்து வரும், ஆனா வைத்தியம் சுலபம். லாகின் ஸ்கிரீன்ல கண்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அமுக்குங்க, எழுத்து ஸ்கிரீன் வரும், அங்க பேரும் பாஸ்வேர்டும் போட்டுப் பாருங்க. உள்ள விட்டுடுச்சுன்னா டெஸ்க்டாப் எழும்புற இடத்துலதான் கோளாறு.

முதல்ல டிஎஃப் ஸ்பேஸ் மைனஸ் எச். ஸ்லாஷ்னு இருக்குற வரியில 100 சதவீதம்னு இருந்தா அதுதான் காரணம், இடமே இல்லாம டெஸ்க்டாப் எந்த ஃபைலை எழுதும், டவுன்லோட்ஸ்ல கிடக்குற படம் ரெண்டை அழிச்சாலே போயிடும், சூடோ ஆப்ட் கிளீன் போட்டாலும் கொஞ்சம் காலியாகும், சூடோன்னா அட்மின் அதிகாரத்தோட ஓட்டுறது. இடம் இருக்குன்னா எல்எஸ் ஸ்பேஸ் மைனஸ் எல்ஏ அடிச்சு டாட் எக்ஸ்அத்தாரிட்டிங்கிற ஃபைல் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. ரூட்னு, அதாவது அட்மின் பேர்ல, இருந்தா, எப்பவோ சூடோ போட்டு ஒரு கிராஃபிக்ஸ் புரோகிராமை ஓட்டியிருக்கீங்க, அது அந்த ஃபைலைத் தன் பேருக்கு மாத்திக்கிச்சு. சூடோ ஆர்எம் போட்டு அந்த ஒரு ஃபைலை அழிச்சுடுங்க, அடுத்த லாகின்ல புதுசா உண்டாகும். ஃபைல் பேருக்கு முன்னாடி இருக்குற டாட்டை மறக்காதீங்க, எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து, மிச்சம் எல்லாம் சின்ன எழுத்து.

அதுவும் சரியா இருந்தா டெம்ப் ஃபோல்டர், எல்எஸ் ஸ்பேஸ் மைனஸ் எல்டி (ld) ஸ்பேஸ் ஸ்லாஷ் டெம்ப், டெம்ப்னா டிஎம்பி (tmp) மூணே எழுத்து. வரியோட முதல் துண்டு டி (d)ன்னு ஆரம்பிச்சு டீ (t)ன்னு முடியணும், இல்லைன்னா சூடோ சிஎச்மாட் ஸ்பேஸ் 1777 ஸ்பேஸ் ஸ்லாஷ் டிஎம்பி. இதெல்லாம் ஒழுங்கா இருந்தும் துரத்துதுன்னா, சமீபத்துல கெர்னல், அதாவது லினக்ஸோட இதயம் மாதிரியான பகுதி, அப்டேட் ஆச்சா, மெஷின்ல என்விடியா கார்டு இருக்கான்னு யோசிங்க, பூட் ஆகும்போது அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்ல போய் முந்தின கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்க, அதுல உள்ள விட்டுச்சுன்னா என்விடியா டிரைவரை டிரைவர் மேனேஜர்ல எடுத்துட்டு மறுபடி போடணும், அதுக்கு நெட் வேணும், வைஃபை பிடிக்கலைன்னா ஹேண்ட்போனை யூஎஸ்பியில மாட்டி டெதரிங் போட்டுக்குங்க.